வீட்டுக் குழாயும் வீட்டுக் கணக்கும்: வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். எங்கள் கூட்டத்தில் கடனுக்கும் வட்டிக்கும் அப்புறம் அதிகம் அடிபடுவது தண்ணீர்ப் பேச்சுதான். வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டால் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஓயவில்லை, கேள்விகள்தான் கூடின. அவற்றையும், குழு நோட்டில் பார்த்ததையும் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பழைய வட ஆற்காடு, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கிராமங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

வீட்டுக்குக் குழாய் வந்தால் காசு எப்படி வரும்? தண்ணீரை விற்கவா போகிறோம்?

விற்க வேண்டாம். கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த காசு கொஞ்சம் நிற்கும். கேன் வாங்கிய காசு, பேதி என்று டாக்டரிடம் கொடுத்த காசு, தண்ணீருக்கு நின்றதால் இழந்த கூலி எல்லாம் அதில் அடங்கும். இவற்றை யாரும் செலவு என்று நோட்டில் எழுதுவதில்லை. "இந்த மாதம் தண்ணீருக்காக நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை" என்று ஒரு வரி எந்த வீட்டு நோட்டிலாவது இருக்கிறதா? அதனாலேயே குழாயின் லாபமும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஜல் ஜீவன் என்கிறார்களே, அது என்ன திட்டம்?

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம். கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன. தொடங்கியபோது நாடு முழுக்க 3.23 கோடி கிராமத்து வீடுகளில்தான் குழாய் இருந்தது, அதாவது நூற்றுக்குச் சுமார் 17 வீடு. தமிழ்நாட்டின் நிலையும் அதேதான்: ஏறக்குறைய 1.25 கோடி வீடுகளில் 22 லட்சம் போலத்தான். 2025 தொடக்கத்தில் நாட்டில் 15 கோடியைத் தாண்டிவிட்டது, நூற்றுக்கு 80 வீடு. 2024இல் முடிய வேண்டியது முடியாததால், 2025 பட்ஜெட்டில் 2028 வரை நீட்டித்தார்கள்.

ஆளுக்கு 55 லிட்டர் என்றால் எத்தனை குடம்?

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் ஏறக்குறைய 15 குடம். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று தூக்கினால் எட்டு நடை. எடையாகச் சொன்னால் தினம் 220 கிலோ. நெல் மூட்டையாக இருந்தால் ஆள் வைத்துக் கூலி கொடுத்து இறக்கியிருப்போம். தண்ணீர் என்பதால் மருமகள் தூக்கினாள்.

நேரம் மிச்சமாகிறது என்கிறார்கள். எவ்வளவு என்று யாராவது அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். இந்தியாவில் தண்ணீர் கொண்டுவரப் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 45 நிமிடம் செலவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு நிலையை வைத்துச் சொல்கிறது. எல்லா வீட்டிலும் பாதுகாப்பான குழாய்நீர் வந்துவிட்டால் நாட்டின் கிராமங்களில் மட்டும் ஒரு நாளைக்கு 5.5 கோடி மணி நேரம் மிச்சமாகும், அதில் பெரும்பகுதி பெண்களுடைய நேரம் என்றும் 2023இல் கணக்குப் போட்டது.

கோடி என்றால் தலை சுற்றும். ஒரு பெண்ணுக்குப் பார்ப்போம். 45 நிமிடத்தை 365 நாளால் பெருக்கினால் சுமார் 273 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்றால் 34 நாள். ஒரு வருடத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் தண்ணீருக்கே உழைத்திருக்கிறாள். கோடையில் இங்கே 45 நிமிடத்தில் வேலை முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அடிபம்பு காற்றடிக்கும் நாளில் விடியற்காலை நாலு மணிக்கே குடம் வரிசையில் உட்கார்ந்துவிடும். ஆளுக்குப் பதில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனதும் உண்டு, அந்தக் கல்லை எவளோ நகர்த்திவிட்டாள் என்று சண்டை நடந்ததும் உண்டு.

சரி, நேரம் மிச்சம். அந்த நேரத்துக்குக் கூலி யார் தருவார்கள்?

இதுதான் சரியான கேள்வி. நேரம் மிச்சமானால் தானாகப் பணமாகிவிடும் என்று எழுதுகிறவர்கள், பக்கத்தில் வேலை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நம் பகுதியில் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் நிறைய என்பது நமக்கு ஒரு சாதகம். குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் பீடி, சில ஊர்களில் ஊதுவத்தி, தறி வீடுகளில் நூல் சுற்றுவது. எல்லாம் எண்ணிக்கைக் கூலி. இங்கே ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு.

பீடியையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பீடி சுற்ற எட்டு, ஒன்பது மணி நேரம் போகும். முக்கால் மணி நேரத்தில் எண்பது, தொண்ணூறு பீடி. மாதத்துக்கு ஏறக்குறைய 2,500. உங்களுக்கு ஆயிரத்துக்கு என்ன கூலியோ அதைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். வரும் தொகையில் கேஸ் சிலிண்டரோ பிள்ளையின் டியூஷனோ ஒன்றாவது அடங்கும்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பீடிக் கம்பெனிக்காரர்கள் இலையும் தூளும் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். "எனக்கு நேரம் இருக்கிறது, இன்னும் அரைக் கிலோ இலை கொடுங்கள்" என்றால் எல்லா நாளும் கிடைக்காது. அப்படிப்பட்ட வீட்டில் குழாய் வந்தாலும் பீடி எண்ணிக்கை கூடாது. அதே எண்ணிக்கையை ராத்திரி பதினொன்றுக்குப் பதில் ஒன்பது மணிக்கு முடிப்பாள். கூடவே, பீடி இலையை வெட்டும் முன் ஊறவைத்தாக வேண்டும், அதற்கும் தண்ணீர் வேண்டும்.

மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் எஸ்தர் டஃப்லோவும் சக பொருளியல் அறிஞர்களும் செய்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. தெருக்குழாயை நம்பியிருந்த வீடுகளுக்குக் கடன் வசதி செய்து வீட்டுக் குழாய் கிடைக்க வைத்து, என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். வருமானம் கூடவில்லை. தெருக்குழாய் நீரும் நல்ல நீராகவே இருந்ததால் நோயிலும் மாற்றமில்லை. ஆனால் மிச்சமான நேரம் ஓய்வுக்கும் உறவுகளைப் பார்க்கவும் போனது, தண்ணீர்ச் சண்டை குறைந்தது, வீட்டில் நிம்மதி கூடியது. இத்தனைக்கும் அந்தக் குழாய் இலவசமில்லை. வருமானம் கூடாவிட்டாலும் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றால், அந்த நிம்மதிக்கும் ஒரு விலை இருக்கிறது. இதைக் கேட்டதும் எங்கள் குழுவில் ஒரு அக்கா, "இதற்கு மொராக்கோ வரைக்கும் போகணுமா, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார்.

தண்ணீர் வருகிறது, ஆனால் எப்போது வரும் என்று தெரிவதில்லை. இதில் என்ன லாபம்?

பாதி லாபம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இந்த விஷயம் முழுவதிலும் முக்கியமானது இதுதான். தெருக்குழாயில் நின்ற காலத்தில் வெளியே காத்திருந்தோம். நேரம் தெரியாத வீட்டுக் குழாய் வந்தபின் வீட்டுக்குள்ளே காத்திருக்கிறோம். கால் வலி குறைந்தது, கூலி வரவில்லை.

காலை நேரத்தைப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொள்ள வேன் விடிந்ததும் வந்துவிடும். நூறு நாள் வேலையில் இப்போது செல்போனில் போட்டோ எடுத்து வருகைப் பதிவு. காலைப் போட்டோவில் இல்லையென்றால் அன்றைய கூலி சந்தேகம்தான். தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். வேலையை அளந்து கொடுப்பதால் கைக்கு அதைவிடக் குறைவாக வருவதுண்டு, அது வேறு கதை. தண்ணீர் ஆறு மணிக்கு வந்தால் இரண்டு வேலைக்கும் போகலாம். எட்டு மணிக்கு வந்தால் வீட்டில் ஒருத்தி நின்றாக வேண்டும். எட்டுக்கு வரும் என்று சொல்லி ஒன்பதரைக்கு வந்தால் அன்றைய பொழுதே போச்சு.

எங்கள் தெருவில் ஒரு கோடை முழுக்க அப்படித்தான் நடந்தது. வால்வு திறக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறியது. குழுவில் ஒன்பது பேர் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதத்தில்தான் தவணை பாக்கி அதிகம். நோட்டைப் புரட்டினால் இன்றைக்கும் சிவப்பு மையில் தெரியும். குழாய் எல்லா வீட்டிலும் இருந்தது, அரசுக் கணக்கில் எங்கள் ஊர் நூற்றுக்கு நூறு.

பேதி, டைபாய்டு எல்லாம் குறையுமா?

குறைய வேண்டும், ஆனால் குழாயை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மைக்கேல் கிரெமர் என்ற பொருளியல் அறிஞர் (2019இல் டஃப்லோ, அபிஜித் பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர்) குழுவினர் போட்ட கணக்குப்படி, கிருமியில்லாத நீர் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால் இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், வருடத்துக்கு 1.36 லட்சம் பிள்ளைகள் பிழைப்பார்கள். வயிற்றுப்போக்கால் ஏற்படும் சுமார் 4 லட்சம் இறப்புகளைத் தடுக்கலாம், அதன் வழியாக 8.2 லட்சம் கோடி ரூபாய் மிச்சமாகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாக் கணக்கும் "பாதுகாப்பான நீர்" என்ற சொல்லின் மேல்தான் நிற்கிறது.

ஜோத்ஸ்னா ஜலானும் மார்ட்டின் ரவாலியனும் 1990களின் இந்திய கிராமத் தரவை வைத்துச் செய்த பழைய ஆய்வும் உண்டு. குழாய்நீர் உள்ள வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவுதான். ஆனால் ரொம்ப ஏழை வீடுகளில், முக்கியமாகத் தாய் அதிகம் படிக்காத வீடுகளில், அந்தப் பலன் சரியாகக் கிடைக்கவில்லை என்று கண்டார்கள். சேமிப்பது, கொதிக்க வைப்பது, கை கழுவுவது எல்லாம் இதில் வந்துவிடும்.

அடுத்தது நம் ஊர்ச் சங்கதி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் வேலூர் நகர வீடுகளில் பார்த்து 2004இல் வெளியிட்டது. குழாய்நீரிலேயே கிருமி இருந்தது. வீட்டில் பிடித்து வைத்த நாட்களில் பல வீடுகளில் அது இன்னும் கூடியது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த வீடுகளில் குறைவாக இருந்தது. பாட்டி வைத்திருந்த பித்தளைத் தவலையை எடைக்குப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் டிரம் வாங்கினோமே, அதுதான் நினைவுக்கு வந்தது. நாம் ஏன் நாள் கணக்கில் பிடித்து வைக்கிறோம்? நாளைக்கு வருமா என்று தெரியாததால். ஆக, நேரம் தவறாமல் தினம் வரும் தண்ணீர் மருத்துவச் செலவையும் குறைக்கிறது.

ஒரு பேதியின் செலவை ஒருமுறை எழுதிப் பார்த்தேன். உள்ளூர் டாக்டர், மாத்திரை, இரண்டாம் நாள் நிற்காமல் வேலூருக்குப் போனது, துணைக்குப் போனவரின் கூலி, நோயாளியின் கூலி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான், பாதி ராத்திரி ஆட்டோ இலவசமில்லையே. மாத்திரைச் செலவைவிடக் கூலி நஷ்டம்தான் பெரிது. இந்த மாதிரிக் கடனைக் குழுவில் "அவசரம்" என்ற தலைப்பில் எழுதுவோம். மாட்டுக் கடன் திரும்பி வரும், ஏனென்றால் மாடு பால் கொடுக்கும். அவசரக் கடனில் வட்டி மட்டும்தான் வரும்.

குழாய் வந்துவிட்டது, கேன் தண்ணீரை நிறுத்தலாமா?

முதலில் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி கொடுப்பது ஜல் ஜீவனில் ஒரு பகுதி. ஊராட்சியில் கேளுங்கள், அலமாரியில் பூட்டியிருக்கும். தரத்துக்கான இந்திய அளவு ஐ.எஸ். 10500. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. புளோரைடு 1 மி.கி., அதிகபட்சம் 1.5. குளோரின் குறைந்தது 0.2 மி.கி. மிச்சம் இருக்க வேண்டும்.

உப்புக்கரிக்கிறது என்பதற்காகக் கேன் வாங்கினால் புரிகிறது. குளோரின் வாடைக்குப் பயந்து வாங்குகிறீர்கள் என்றால் யோசியுங்கள். கிருமியைக் கொல்லும் குளோரின் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அந்த வாடைதான் அடையாளம், திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். கேன் 30 ரூபாய், இரண்டு நாளுக்கு ஒன்று என்றால் மாதம் 450, வருடத்துக்கு 5,400. ஒரு கன்றுக்குட்டி விலை. எங்கள் வீட்டில் காவிரித் தண்ணீர் வரும் நாட்களில் அதையே காய்ச்சிக் குடிக்கிறோம். போர்வெல் தண்ணீர் கலந்து வரும் நாட்களில் ஊரில் உள்ள ஆர்.ஓ. மெஷினில் குடம் பிடிக்கிறோம்.

பாலாறு பக்கத்திலேயே ஓடுகிறது. மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவர எதற்கு இவ்வளவு செலவு?

"ஓடுகிறது" என்று சொல்லும்போதே சிரிப்பு வருகிறது. தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்களே. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பி வந்துவிட்டார். ஆறு இன்னும் அப்படியேதான், 2021 நவம்பர் போல எப்போதாவது வெள்ளமாக வந்து போவதைத் தவிர.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து ஆந்திரம் வழியாக வருகிறது. மேலே அணை, தடுப்பணை, ஏரி எல்லாம் நிறைந்து மிஞ்சினால்தான் நமக்கு. ஆற்றின் மேலே தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலுக்கு அடியில் இருந்தது. மணலை அள்ளினோம். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளில் அது முக்கியமானது, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். ஊருக்கு வெளியே நம் மாவட்டப் பெயர் இப்படியும் பிரபலம். ஆனால் 2025 ஜனவரி 30 அன்று, அதாவது 28 வருடம் கழித்து, இழப்பீட்டை வசூலிப்பது பற்றியும் ஆற்றைச் சீராக்கக் குழு அமைப்பது பற்றியும் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது.

ஆகவே, காவிரித் தண்ணீருக்கு ஆகும் குழாய்ச் செலவும் மேடேற்றும் கரண்ட் செலவும் பாலாற்றை இழந்ததற்கு நாம் வருடா வருடம் கட்டும் தண்டம். தோல் நமக்குச் சோறும் போட்டது, அதையும் மறைக்கக் கூடாது. என் குழுவில் நாலு பேர் ஷூ கம்பெனிக் கூலியில்தான் தவணை கட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் கணக்குச் சரி.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் ரயில் போனதும் இங்கிருந்துதான். அந்த வருடம் ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில், 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அப்போது அது வேலூர் மாவட்டம்தான். நம் ஊரில் குடத்தோடு நிற்கும்போது அந்த ரயிலை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாட்டுக்கும் இந்தத் தண்ணீரையே காட்டலாமா?

55 லிட்டர் ஆட்களுக்கான கணக்கு, மாடு அதில் இல்லை. ஒரு கறவை மாடு நாற்பது லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேல். வாசலில் குழாய் வந்ததும் மாட்டுக் கடன் கேட்டவர்கள் எங்கள் குழுவில் உண்டு, வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. தாகத்தோடு நிற்கும் மாடு பாலைக் குறைக்கும், அது உடனே பால் சொசைட்டி நோட்டில் தெரியும். ஆனால் தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தால் கடைசி வீட்டுக்குக் குடிக்கவே இருக்காது. மாட்டுக்குப் போர்வெல், கிணறு, ஊராட்சி மினி டேங்க் என்று வேறு வழி பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீர் எப்போதும் மாட்டுக்குத்தானே.

மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள்.

திருட்டுதான், வேறு பெயர் இல்லை. அவர் வீட்டு மாடி டேங்க் நிறைகிறது, கடைசித் தெருவில் குழாய் காற்றடிக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது உடைந்த இடத்தில் சாக்கடை உள்ளே இழுபடும் என்பதால் உறிஞ்சுகிறவர் வீட்டுக்கும் சேர்த்தே கெடுதல். மேட்டுத் தெருவும் காலனியும்தான் பெரும்பாலும் கடைசி முனையில் இருக்கின்றன. ஊர் நூற்றுக்கு நூறு என்று எழுதும்போது இந்தக் கடைசி முனை கணக்கில் தெரியாது.

மாதக் கட்டணம் எதற்கு? அரசு கொடுக்கிற தண்ணீர்தானே?

ஊருக்கு ஊர் தொகை வேறு, பெரும்பாலும் ஒரு கேன் தண்ணீர் விலையை ஒட்டித்தான். அதைக் கட்டச் சொன்னால் கசக்கிறது, கேன்காரருக்கு மாதம் 450 கொடுக்கும்போது கசப்பதில்லை. குழாய் போடத்தான் திட்டத்தில் பணம். மோட்டார் எரிந்தால், வால்வு போனால், கரண்ட் பில் வந்தால் ஊராட்சிதான் பார்க்க வேண்டும். பதினைந்தாவது நிதிக்குழு கிராம உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த பணத்தில் 60 சதவீதத்தைத் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. அந்தப் பணமும் எங்கே போனது என்று கேட்கலாம். நீங்கள் கட்டணம் கட்டியிருந்தால் கேட்கக் கொஞ்சம் வாய் கூடும். எங்கள் ஊரில் ஒருமுறை மோட்டார் எரிந்து பதினாறு நாள் தண்ணீர் இல்லை. அந்தப் பதினாறு நாளுக்கு ஊரே டிராக்டர் தண்ணீர் வாங்கியது. அந்தச் செலவில் இரண்டு மோட்டார் வாங்கியிருக்கலாம்.

பெண் பிள்ளைகள் படிப்புக்கு இதனால் ஏதாவது உண்டா?

உண்டு. அம்மா பீடி சுற்ற, மூத்த மகள் குடம் தூக்குவாள் என்பதுதான் வழக்கமாக இருந்தது. பரீட்சை நாளில்கூட. இப்போது தூக்குவதில்லை, ஆனால் தண்ணீர் வரும் நேரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினால் "பிடித்து வைத்துவிட்டுப் போ" என்று நிறுத்தப்படுவது அவள்தான், தம்பி இல்லை.

குழாய் வேலையால் ஊரில் வேலைவாய்ப்பு?

பள்ளம் தோண்டும் காலத்தில் கொஞ்சம். அப்புறம் டேங்க் ஆபரேட்டர், பிளம்பர். ஆபரேட்டர் சம்பளம் குறைவு, பொறுப்பு அதிகம், திட்டு அதைவிட அதிகம். பிளம்பிங் கற்றுக்கொண்ட பெண்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் இல்லை.

கழிவுநீர் தெருவில் ஓடுகிறதே?

குழாய் வந்த ஊரில் அடுத்த சண்டை இதுதான். நாலு குடத்தில் குளித்தவர்கள் இப்போது தாராளமாகக் குளிக்கிறோம். இடம் உள்ளவர்கள் உறிஞ்சுகுழி எடுங்கள், நூறு நாள் வேலையில் செய்யச் சொல்லிக் கேட்கலாம். நான் வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிட்டிருக்கிறேன். முருங்கைக்கீரை போதும் போதும் என்கிறது வீடு. இடமில்லாத தெருவுக்கு வாய்க்கால் கட்டாமல் தீராது, கொசுவால் வரும் காய்ச்சல் செலவு பேதியில் மிச்சமானதைத் தின்றுவிடும்.

தண்ணீர் நேரம் பற்றி யாரிடம் கேட்பது?

ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. கிராம சபையில் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றைக்காவது பேச வைக்கலாம். கிராம நீர் மற்றும் சுகாதாரக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் குழுவில் நான் இருக்கிறேன் என்பதே கையெழுத்து வாங்க நோட்டு வந்தபோதுதான் எனக்குத் தெரியும்.

தண்ணீர் வரவில்லை என்று பொதுவாகப் பேசினால் பார்க்கிறோம் என்று முடித்துவிடுவார்கள். எந்தத் தெரு, எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் வந்தது என்று ஒரு மாதம் எழுதிக்கொண்டு போங்கள். நாங்கள் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். முப்பது நாளில் பதினொரு நாள் எட்டு மணிக்கு மேல்தான் வந்திருந்தது. வாசித்துக் காட்டியபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. பணம் கேட்கவில்லை, புதுக் குழாய் கேட்கவில்லை, நேரத்தை டேங்க் சுவரில் எழுதி வையுங்கள் என்று மட்டும் கேட்டோம். தீர்மானமாக எழுதி வாங்கினோம்.

இப்போது டேங்க் சுவரில் நீலப் பெயின்டில் இருக்கிறது: கிழக்குத் தெரு 5.30, பள்ளிக்கூடத் தெரு 6.15, காலனி 7.00. காலனிக்காரர்கள் அடுத்த கிராம சபைக்கு நோட்டோடு வரப்போகிறார்கள். ஷூ கம்பெனி வேன் 6.45க்கே வந்துவிடுகிறதாம்.